இயற்கை எய்தவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் இயக்குநர் அம்மையாரின் கணவரே, எனக்கு அண்ணன் போன்றவரே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, உடன் பணியாற்றும் தோழர்களே, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு கையையும் கூப்ப முடியவில்லை. வலது கையில் மாவுக்கட்டு. மன்னிக்க வேண்டும். இது எப்படி உடைந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

என் முறை வருவதற்குச் சற்று முன் கூட்டத்தை நடத்தும் நண்பர் என் காதருகே குனிந்து, “சார், பெத்தவங்க எல்லாம் வந்திருக்காங்க, கொஞ்சம் சாந்தமா பேசுங்க” என்றார். நல்ல மனிதர். அவருக்காக முயன்று பார்த்திருப்பேன். ஆனால் ஐயா, எனக்குப் பின்னால் இத்தனை பெரிய பதாகையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு என்னைச் சாந்தமாகப் பேசச் சொன்னால் எப்படி? அதில் என்ன எழுதியிருக்கிறது? படிக்கிறேன், கேளுங்கள். ‘எங்கள் அயலகக் கல்வித் திட்ட இயக்குநர் அம்மையார் இயற்கை எய்தினார்.’

இயற்கையா? எது இயற்கை? இரும்புக் கம்பி இயற்கையா? கீழே விழுந்த பெண்ணின் தலையில் பூட்ஸ் காலால் மிதிப்பது இயற்கையா? மூப்பு வந்து, நோய் வந்து, சொந்தபந்தம் சுற்றி நிற்கக் கட்டிலில் கண் மூடினால் அது இயற்கை. நம் அம்மையாரை அடித்துக் கொன்றார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல இந்தக் கல்லூரிக்கு வாய் வரவில்லை. எனக்கு வருகிறது. கொன்றார்கள்!

இன்னொன்றையும் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசிய முதல்வர், அம்மையார் உயிரை விட்ட அதே ஊருக்கு, அதே விடுதிக்கு, அடுத்த மாதம் புதிய அணி புறப்படும் என்றார். அந்தத் திட்டத்துக்கு அம்மையாரின் பெயரையே சூட்டப்போவதாகவும் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்த அணி இதோ, என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது, கம்பளிச் சட்டை வாங்கியாகிவிட்டது. இந்தப் பிள்ளைகள் அங்கே போகக் கூடாது. அதைச் சொல்லத்தான் உடைந்த கையோடு இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

அவர் யார் என்று தெரியாமல் அவர் பெயரைச் சூட்டக் கூடாது அல்லவா? அதனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தக் கல்லூரியிலேயே பலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியாது. “பசங்களை வெளிநாட்டுக்கு ஏத்தி விடுற மேடம்தானே?” என்பார்கள். ஏற்றி விடுகிற வேலையைப் பயண முகவர் செய்வார். அம்மையார் செய்தது வேறு. எந்த ஊர்க் கல்லூரி நம் பாடத்துக்குப் பொருந்தும், அங்கே படித்த பாடத்துக்கு இங்கே மதிப்பெண் கிடைக்குமா, பிள்ளை எந்த அறையில் தூங்கும், காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், திரும்பி வந்த பிள்ளைக்கு அந்தப் பயணத்தால் உண்மையில் என்ன கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் அவர் துருவுவார். மற்றவர்கள் வழவழப்பான படப் புத்தகத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மையார் காலால் தேர்ந்தெடுத்தார்.

அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது, பார்த்தீர்களா? ஒரு சக்கரம் கழன்றுபோன பெட்டி. காலையில் மேடையை ஒழுங்குபடுத்தியவர்கள் அதைக் குப்பை என்று நினைத்து வெளியே வைத்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டி நிறையப் பழைய தேர்வுத்தாள்களை அடைத்து, எடையை ஏற்றி, அதை இழுத்துக்கொண்டு விடுதியிலிருந்து வகுப்பறை வரை நடப்பார். ஏன் மேடம் இப்படி என்று ஆரம்பத்தில் கேட்டேன். அலுவலகத்தில் நான் அவருக்குத் துணை. அதற்கு முன் அயல்மொழிப் பாடம் நடத்தியவன். அதனால் என்னைக் கடைசிவரை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிட்டார். “வாத்தியாரே, கையை வீசிட்டு நடக்கிறவனுக்கு எல்லா ஊரும் நல்ல ஊருதான். புதுசா போய் இறங்குற புள்ள எப்படி இருக்கும்? ரெண்டு கையும் ரொம்பியிருக்கும், வழி தெரியாம முழிக்கும், ஓடவும் முடியாது. அவ எப்படி நடப்பாளோ அப்படி நடந்து பாருங்க. அப்பத்தான் ஊரு தன் மூஞ்சியைக் காட்டும்” என்றார்.

அன்றிலிருந்து எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி. “பெட்டியோட நடந்தாச்சா?” ஒப்பந்தம் தயாரா என்று கேட்க மாட்டார். துணைவேந்தர் கையெழுத்து வந்ததா என்று கேட்க மாட்டார். “பெட்டியோட நடந்தாச்சா?” இல்லை என்றால் கோப்பு பறக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பறக்கும். நான் எத்தனை முறை குனிந்து குனிந்து பொறுக்கியிருக்கிறேன் தெரியுமா? இதோ கணக்குத் துறைக்காரர் சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலேயும் ஒன்று பறந்தது. சிரியுங்கள் சார், தப்பில்லை. அவரும் பிறகு சிரித்துவிடுவார்.

கோபக்காரர்! ஆமாம், செத்துப்போனவர்களை எல்லாம் சாந்த சொரூபி என்று புகழ்வது நம் வழக்கம். நம் அம்மையார் சாந்த சொரூபி இல்லை. ஒரு விடுதிக்குப் போனோம். காப்பாளர் தேனொழுகப் பேசினார், தேநீர் கொடுத்தார், மெத்தையைத் தட்டிக் காட்டினார். மேல்மாடியில் ஆபத்துக் காலக் கதவு ஒன்று இருந்தது. அதைத் திருகாணி போட்டு இறுக்கி மூடிவிட்டிருந்தார்கள். திறக்கச் சொன்னார் அம்மையார். “அதை யாரும் உபயோகிக்கிறது இல்லைங்க” என்றார் காப்பாளர். அம்மையார் பெட்டியை என் கையில் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். இரண்டடி பின்னால் போனார். உதைத்தார் பாருங்கள், அந்தக் கட்டடமே அதிர்ந்தது. திரும்பவும் உதைத்தார். பலகை பிளந்து வெளியே விழுந்தது. “இதோ உபயோகிச்சாச்சு” என்றார்.

“போலீஸைக் கூப்பிடுவேன்” என்று குதித்தார் காப்பாளர். “கூப்பிடுங்க. தீயணைப்புக்காரங்களையும் சேர்த்துக் கூப்பிடுங்க. நானே போன் நம்பர் தேடிட்டிருக்கேன்” என்று சொல்லி, அதே இடத்தில் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு வெகுநாள் நொண்டி நொண்டி நடந்தார். இன்றைக்கு அந்த விடுதியில் எல்லாக் கதவும் திறக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மாணவர்கள் அவருக்குக் ‘கதவுடைச்ச மேடம்’ என்று பட்டம் சூட்டினார்கள். தன் காதில் விழாத மாதிரி நடித்தார். உள்ளூர அவருக்கு அதில் ஒரு பெருமை.

இனி அந்த ஊர். ஆற்றின் மேல் பெரிய பாலம் இருப்பதால் நாம் எல்லோரும் பாலத்து ஊர் என்று சொல்கிறோமே, அந்த ஊர். அம்மையார் பதவிக்கு வருவதற்கு முன்பே, யாரோ படப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட திட்டம் அது. நம் கல்லூரியின் மகுடம் என்று எல்லா மேடையிலும் சொன்னோம். போய்வந்த மாணவர்கள் நிரப்பிய மதிப்பீட்டில் அந்த ஊருக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி எட்டு. ‘பாதுகாப்பாக உணர்ந்தீர்களா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ஐந்து. அதைக் கொண்டாட இதே மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் திரும்பி வந்த அணியும் இருந்தது. அதில் நெட்டை என்று நாம் எல்லோரும் கூப்பிடுகிற பையன். அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அம்மையார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்டா, அந்தப் பக்கமாவே மெல்லுற?” என்று கேட்டார். “சும்மா பல் வலி மேடம்.” அம்மையார் எழுந்து போய், எல்லோர் முன்னாலும் அவன் முகவாயைப் பிடித்து, “ஆ காட்டு” என்றார். இடப்பக்கம் கடைவாயில் பல்லே இல்லை. தாடை உடைந்து, கம்பி போட்டுக் கட்டி, கோணலாகச் சேர்ந்திருந்தது.

பல்லும் தாடையும் உடைந்த பையன் பாதுகாப்புக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறான்! உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இந்தக் கூத்து நடக்கும்? “அஞ்சுக்குக் கீழே போட்டா திட்டத்தையே மூடிடுவாங்கன்னு அங்க இருந்த அலுவலர் சொன்னாரு மேடம். மூடிட்டா ஜூனியர் பசங்க எங்களைத்தானே திட்டுவாங்க” என்றான் அவன். தாடையை உடைத்தவனைக் காட்டிக்கொடுக்க அவனுக்குப் பயமில்லை. தம்பி தங்கைகளின் வாய்ப்பைக் கெடுத்துவிடுவோமோ என்றுதான் பயம். இந்தப் பிள்ளைகளைத்தான், முதல்வர் அவர்களே, நாம் எண்ணாக மாற்றிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

அம்மையார் அவனைக் கையோடு தன் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே சுவரில் அந்த ஊரின் பெரிய வரைபடம் இருக்கிறது. “தினம் விடுதியிலிருந்து வகுப்புக்கு எப்படிப் போவே? விரலை வச்சுக் காட்டு” என்றார். அவன் விரல் விடுதியில் கிளம்பியது. நேரே வந்தது. ரயில் பாதைக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதற்கு முன்னால் விரல் நின்றது. அங்கிருந்து திரும்பி, மரக்கிடங்கைச் சுற்றி, ஆஸ்பத்திரியைச் சுற்றி, ஊரையே வளைத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனது. “நேரா வழி இருக்கே, ஏன்டா ஊரைச் சுத்துற?” அவன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். மற்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். முன்னால் போனவர் எதைக் காட்டினார் என்று அடுத்தவருக்குத் தெரியாது, என்ன கேட்கப் போகிறார் என்றும் தெரியாது. ஒவ்வொரு விரலும் அந்தச் சுரங்கப்பாதைக்கு முன்னால் வந்து திரும்பியது. நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அன்றைக்கே பழைய கேள்வியைத் தூக்கிக் கடாசினார். பாதுகாப்பாக உணர்ந்தாயா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். ‘எந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனாய்?’ என்று கேட்டால் பொய் சொல்லத் தோன்றாது. இன்று பல கல்லூரிகள் அந்தக் கேள்வியை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு கேட்கின்றன. அது அவர் இந்தத் தொழிலுக்குக் கொடுத்த சொத்து.

பிறகு ஆட்சிக்குழு கூடியது. அந்த ஊரிலிருந்து வந்த அறிக்கையில் நெட்டையின் தாடையைப் பற்றி என்ன இருந்தது? ‘மாணவர் ஒருவருக்குச் சிறு அசௌகரியம்.’ அம்மையார் மேசையில் ஓங்கி அறைந்தார். மேசைக் கண்ணாடி விரிந்தது, கை கிழிந்து ரத்தம் வந்தது, துடைக்கக்கூட இல்லை. “தாடையை உடைச்சா அசௌகரியமாய்யா? அப்ப கொன்னா என்னன்னு எழுதுவீங்க?” என்று கேட்டார். மேடையில் இருப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். அப்போது யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது பதில் எனக்குப் பின்னால் தொங்குகிறது. கொன்றால் ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதுவோம், அம்மா!

திட்டத்தை நிறுத்தினார். அதற்காக அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமா? ‘வெளிநாட்டுப் படிப்புக்கே எதிரி’ என்றார்கள். எதிரியா? போன வருடம் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற ஒரு அப்பாவின் கடைக்கே போய், தராசுக்குப் பக்கத்தில் நின்று, வியாபாரத்தை நடத்த விடாமல் சண்டை போட்டு அந்தப் பெண்ணை அனுப்பி வைத்தவர் அவர். அந்த அப்பா இதோ இருக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பெற்றோர்களே, இன்றைக்கு நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ‘எந்த ஊருக்கும் போக வேண்டாம்’ என்று பிள்ளைகளைப் பூட்டி வைத்தால், அவரை இரண்டாம் முறை கொல்கிறீர்கள். அனுப்பாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நடந்து பார்த்துவிட்டு அனுப்பு என்றார்.

சில மாதம் கழித்து அங்கிருந்த தொடர்பு அலுவலர் நேரில் வந்தார். சுரங்கப்பாதையில் புது விளக்கு போட்டுவிட்டோம், கேமரா வைத்துவிட்டோம், இனி ஒரு குறையும் இல்லை என்றார். முதல்வர் அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான், “மேடம், இன்னும் எத்தனை நாள் மூடி வைக்கிறது? பசங்க எதிர்காலம்” என்றார். அம்மையார், “விளக்கு போட்டாச்சா? ரொம்ப சந்தோஷம். பெட்டியோட நடந்துட்டு வந்து சொல்றேன்” என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை விடுதி வாசலில் இறங்கினோம். இன்னும் வெளிச்சம் போகவில்லை. “டாக்ஸியில் போகலாம் மேடம்” என்றேன். “புள்ளைங்க டாக்ஸியிலயா போகும்?” என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சுரங்கப்பாதையில் அலுவலர் சொன்னது போலவே விளக்குகள் இருந்தன. பளிச்சென்று இருந்தது. அடிக்க வந்தவர்களுக்கு எங்கள் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த விளக்கால் கிடைத்த பயன் அது ஒன்றுதான்.

சுவரோரம் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன் எங்களைப் பார்த்து, “எதுக்குடா இங்க வர்றீங்க? உங்க ஊருக்குப் போங்கடா” என்றான். எனக்கு அந்த மொழி தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்றுதான் நினைத்தேன். பதில் பேசாமல் நடந்தோம். பின்னாலிருந்து முதல் அடி என் முதுகில் விழுந்தது. திரும்பினேன். இரும்புக் கம்பி வந்தது. முகத்தை மறைக்கக் கையை நீட்டினேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன். மிதித்தார்கள். விலாவில், இடுப்பில், காதில். சிரித்துக்கொண்டே மிதித்தார்கள்.

அம்மையார் அப்போது எனக்கு வெகு முன்னால் இருந்தார். சுரங்கப்பாதையின் அந்த வாய் அவர் கண்ணுக்கெதிரே இருந்தது. பெட்டியை விட்டுவிட்டு ஓடியிருந்தால் தப்பித்திருப்பார். ஓடினாரா? திரும்பி வந்தார்! பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சுழற்றிக்கொண்டு வந்தார். தேர்வுத்தாள் அடைத்த பெட்டி ஒருவன் முழங்காலில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் முகத்தில் விட்டார். அவன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. “விடுடா அவனை! விடுடா!” என்று நம் மொழியில் கத்தினார். அவர்களுக்கு அது புரிந்திருக்காது. புரியாவிட்டால் என்ன? ஒரு கணம் அந்தப் பயல்கள் பயந்தார்கள். நான் பார்த்தேன்.

பிறகு கம்பி அவர் தலையில் விழுந்தது. பெட்டி வாய் பிளந்து, தாள்கள் எல்லாம் பாதை முழுக்கப் பறந்தன. நம் மாணவர்களின் பழைய விடைத்தாள்கள். அவர் அதன் மேல் விழுந்தார். விழுந்தவரை விட்டார்களா? மிதித்தார்கள். நான் ஒற்றைக் கையால் தவழ்ந்து போனேன், எட்டவில்லை. நம் பிள்ளைகளின் கையெழுத்தின் மேல் அவர் ரத்தம் ஓடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஊரிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அவரே என்னை அடிப்பார். மேலே சாலையில் பேருந்து ஓட்டிவந்த ஒரு பெண், சத்தம் கேட்டு வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். நுரையை அவர்கள் கண்ணிலேயே பீச்சி அடித்தார். அவர் வரவில்லை என்றால் நானும் இந்தப் பதாகையில் இருந்திருப்பேன். அம்மையாரைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று அவர் பாஷையில் அழுதார். இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஒருவனுக்கு இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அதற்காக எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் கையை முறிக்க வேண்டும் போலத்தான் இன்றும் இருக்கிறது. மேடையில் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒருமுறை கண் திறந்தார். முகம் முழுக்க வீங்கியிருந்தது. உதடு அசைந்தது. குனிந்தேன். “வாத்தியாரே… அஞ்சுக்கு எத்தனை போடுவீங்க?” என்றார். அந்த நிலைமையிலும் கிண்டல்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “சைபர் மேடம்” என்றேன். “அப்ப எழுதுங்க” என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

எழுதினேன். இடது கையால் கோணல் மாணலாக எழுதினேன். ‘இந்த ஊருக்கு மாணவரை அனுப்பக் கூடாது.’ ஒரே வரி. மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்பீடு உண்டா? நேற்று முதல்வர் அறையில் அதை வைத்தேன். “இப்ப உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்க வேண்டாம், ஒருவேளை அது எப்பவோ ஒருமுறை நடக்கிற சம்பவமா இருக்கலாம்” என்றார். சம்பவமாம்! அசௌகரியம், பிறகு சம்பவம், பிறகு இயற்கை. அடுத்த வார்த்தை எந்தப் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, முதல்வர் அவர்களே?

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. தையல்காரர். அம்மையார் வீட்டில் கத்தினால், “மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலடி” என்று சொல்லிச் சமாளித்தே குடும்பம் நடத்தியவர். உடலை எடுத்துக்கொண்டு நான் வந்தபோது அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் மட்டும் உயிரோடு வந்திருக்கிறேனே என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு. “அவ ஓடினாளா?” என்றார். “இல்லண்ணே, திரும்பி வந்தாங்க” என்றேன். “அதானே பார்த்தேன். சண்டைக்காரி சண்டையிலதான் போவா. ஊரு வேற மாதிரி சொல்லும். நீ உள்ளபடியே சொல்லு” என்றார். அண்ணே, உள்ளபடி சொல்லிவிட்டேன்.

இனி முடிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு வேலை பாக்கி. கேள்வி அம்மையாருடையது, நான் வாயை மட்டும் இரவல் கொடுக்கிறேன். அந்த ஊருக்குப் போய்வந்த பழைய மாணவர்களே, வேலைக்குப் போய்விட்டவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களில் யாரெல்லாம் அந்தச் சுரங்கப்பாதையை விட்டுச் சுற்றிப் போனீர்கள்? வாயால் சொல்ல வேண்டாம். எழுந்து நில்லுங்கள்.

நெட்டை, நீ எழுந்துவிட்டாய். நல்லதுடா. அந்த ஓரத்தில் இருக்கிற பெண்ணே, நீயும். பின்வரிசையில் இரண்டு பேர். அதோ இன்னும் மூன்று பேர். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்கிறதா? அந்த வரிசை முழுக்க எழுந்துவிட்டது. மேடையில் இருப்பவர்களே, முகத்தைத் திருப்பாதீர்கள். நான்கு புள்ளி எட்டு இப்போது எழுந்து நிற்கிறது, பாருங்கள்! போகவிருக்கும் பிள்ளைகளே, நீங்களும் திரும்பி உங்கள் அண்ணன்களையும் அக்காக்களையும் பாருங்கள். அவர்கள் உங்களுக்காகத்தான் அன்று பொய் சொன்னார்கள். இன்றும் உங்களுக்காகத்தான் நிற்கிறார்கள்.

உட்காராதீர்கள். எப்படியும் கூட்டத்தின் முடிவில் மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழத்தான் வேண்டும். மற்றவர்களும் எழுந்துவிடுங்கள். எல்லோரும். முதல்வர் அவர்களே, நீங்களும் எழுந்துவிட்டீர்கள். தலையை ஆட்டுகிறீர்கள். தலையாட்டினால் போதாது சார். ஒலிவாங்கி இங்கே இருக்கிறது. வாயால் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? குரல் உடைந்தாலும் தெளிவாகத்தான் சொன்னார். ‘அனுப்பவில்லை’ என்றார். நன்றி, சார். இதைச் சொல்ல உங்களுக்கும் வலித்திருக்கும், எனக்குத் தெரியும்.

அம்மா! உங்கள் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்வதற்கு அது ஒன்றும் சொகுசான நாற்காலி இல்லை. கை கூடியதும் இந்தப் பெட்டிக்கு ஒரு சக்கரம் போடுவேன். தேர்வுத்தாளை அடைப்பேன். இந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஊர் தேடுவேன். ஆனால் எந்த ஊராக இருந்தாலும் இந்தப் பெட்டி நடந்த பிறகுதான் அங்கே பிள்ளைகள் நடப்பார்கள். நான் நடக்க முடியாமல் போனால் இங்கே நிற்கிற யாராவது இழுப்பார்கள். இது சத்தியம்.

இப்போது நாம் மௌனமாக நிற்கலாம். அதற்கு முன்னால் அந்தப் பதாகையைக் கழற்றிவிடுங்கள். அண்ணே, நீங்களே வருகிறீர்களா? வாருங்கள். முடிச்சு இந்தப் பக்கம் இருக்கிறது. எனக்கு ஒரு கைதான், நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அவிழுங்கள்.